அகதி வாழ்வே வினாவாக வந்த போட்டி

வளைகுடா நாடுகளில் கோடை என்பது எமது மக்களுக்கு உழைப்பின் மிகக் கடுமையான பருவமாகும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஆண்டுதோறும் யூன் 15 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து பிற்பகல் 3.00 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. அந்த இரண்டரை மணிநேர நிழலை எதிர்பார்த்தே பல தந்தையர் கோடையைக் கழிக்கின்றனர். அதே மாதங்கள்தாம் பல்கலைக்கழக மாணவருக்கு விடுமுறைக் காலம். டுபாயிலும் அபுதாபியிலும் புதிதாகத் தோன்றும் தொடக்க நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி பெறும் காலமும் அதுவே. அந்தப் பயிற்சிக்குரிய கதவுகளில் ஒன்றாக விடய ஆய்வுப் போட்டிகள் அமைந்துள்ளன. இவற்றைப் பற்றி எமது குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகின்றோம்.

மனப்பாடம் உதவாத பரீட்சை

விடய ஆய்வுப் போட்டியில் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலோ, உண்மையைப் போன்றதொரு சிக்கலோ மாணவர் அணிகளிடம் கொடுக்கப்படும். குறித்த காலத்துள் அதனை ஆராய்ந்து, கணக்குப் பார்த்து, தீர்வொன்றை நடுவர் முன்னிலையில் எடுத்துரைக்க வேண்டும். சிறப்பாகச் செய்தவர்களைக் கோடைகாலப் பயிற்சிக்கு நிறுவனம் அழைத்துக்கொள்ளும். வணிகக் கல்வியில் இம்முறையை வேரூன்றச் செய்தது அமெரிக்காவின் ஹாவார்ட் வணிகப் பள்ளி. ஆலோசனை நிறுவனங்கள் ஆட்களைத் தெரிவு செய்வதும் பெரும்பாலும் இத்தகைய வினாக்களைக் கொண்டுதான். அவ்வாறான மக்கின்சி நிறுவனத்தில் பணியாற்றிய இருவரே 2012இல் டுபாயில் ‘கரீம்’ என்னும் வாடகை வண்டிச் சேவையை ஆரம்பித்தனர். அதனை 310 கோடி டொலருக்கு வாங்குவதாக ஊபர் நிறுவனம் 2019இல் அறிவித்தது.

எமது மாணவர் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆயினும் கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்து பழகிய அவர்களுக்கு, ஒரே சரியான விடை இல்லாத வினா திகைப்பையே தருகின்றது. இப்போட்டிகளில் அவர்கள் தயங்கி நிற்பதற்கு இதுவே முதற் காரணம்.

2017ஆம் ஆண்டின் வினா

இவ்வகைப் போட்டிகளுள் உலகப் புகழ் பெற்றது ‘ஹல்ற் பரிசு’. பலஸ்தீன வம்சாவளியினரான அஹமட் அஷ்கார், தாம் வணிகக் கல்வி மாணவராக இருந்தபோது வகுத்த திட்டம் அது. வெற்றி பெறும் மாணவர் அணிக்கு, தனது திட்டத்தைத் தொழிலாக நடத்துவதற்கு 10 இலட்சம் அமெரிக்க டொலர் வழங்கப்படும். பொஸ்ரன், லண்டன் முதலிய நகரங்களுடன் டுபாயிலும் அதன் பிராந்திய இறுதிச் சுற்று நடைபெற்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் அதன் வளாகச் சுற்றுகள் நடைபெற்றுள்ளன.

2017ஆம் ஆண்டுக்குரிய வினா நாமே. அகதிகளினதும் இடம்பெயர்ந்தோரினதும் உரிமையையும் கௌரவத்தையும் மீட்கும் தொழில் முயற்சி ஒன்றை உருவாக்குமாறு உலக மாணவரிடம் கேட்கப்பட்டது. எமது வாழ்வு ஒரு வினாத்தாளாயிற்றே என்று மனம் கசப்பது இயல்பு. ஆனால் அந்த வினாவுக்கு விடை எங்கிருந்து வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் றட்கேஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட நான்கு மாணவரே அவ்வாண்டு வெற்றி பெற்றனர். அவர்கள் தெரிவு செய்த இடம் கராச்சியின் ஒறங்கி. 1971ஆம் ஆண்டுப் போரின் பின்னர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் பெருமளவில் குடியேறிய பகுதி அது. அரசாங்கம் கழிவுநீர் வசதி செய்து கொடுக்காத நிலையில், 1980இல் அக்தர் ஹமீட் கான் ஆரம்பித்த திட்டத்தின் வழிகாட்டலோடு, அம்மக்கள் தமது பணத்திலும் உழைப்பிலும் தெருத்தெருவாகக் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்துக்கொண்டவர்கள். அங்கே வேலைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் வழிதான் பெரும் சிக்கல் என்று மாணவர் கண்டனர். குறித்த தரிப்பிடங்களுக்கிடையே பலர் பகிர்ந்து செல்லும் முச்சக்கர வண்டிச் சேவை ஒன்றை முன்வைத்தனர். 2017 செப்ரெம்பரில் நியூயோர்க் ஐ.நா. தலைமையகத்தில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது.

வண்டி புதிய கண்டுபிடிப்பு அன்று. பேருந்து இல்லாத தெருவில் வாழ்வோரின் நாளாந்த அலைச்சலை உற்றுநோக்கியதே அவர்களின் பலமாயிற்று.

சாப்பாட்டுப் பொதிக் கணக்கு

இதனை ஒரு கற்பனை வினாவினால் விளக்கலாம். சார்ஜாவில் ஒரு சிறு நிறுவனம் தொழிலாளர் விடுதிகளுக்கு நாளொன்றுக்கு 300 சாப்பாட்டுப் பொதிகளை, ஒன்று 10 திர்ஹாம் வீதம் அனுப்புகின்றது. ஒரு பொதிக்கு உணவுச் செலவு 6 திர்ஹாம். வண்டிக்கும் சாரதிக்குமாக நாட்செலவு 900 திர்ஹாம். யாவும் விற்றால் 300 திர்ஹாம் இலாபம் வர வேண்டும். ஆனால் நட்டமே வருகின்றது. ஏன்?

பல மாணவர் உடனே விலையை உயர்த்தச் சொல்வார்கள். விடுதியில் வாழும் தந்தையின் பிள்ளையோ, சாப்பாடு எத்தனை மணிக்கு வந்து சேருகின்றது என்று கேட்கும். பிந்தி வந்ததால் 60 பொதிகள் திரும்பிப் போனால் வரவு 2,400 திர்ஹாம், செலவு 2,700. இலாபமாக வரவேண்டிய 300 திர்ஹாம் நட்டமாகி விடுகின்றது. ஆகவே சிக்கல் விலையில் இல்லை, நேரத்தில் இருக்கின்றது. முதலில் சரியான கேள்வி, பின்னர் கணக்கு, அதன்பின் தீர்வு, இறுதியில் அத்தீர்விலுள்ள ஆபத்து: நடுவர்கள் எதிர்பார்க்கும் ஒழுங்கு இதுதான். அந்த முதற் கேள்வி எமது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைக்கின்றது.

சட்டத்தை மறக்கலாகாது

ஆர்வம் எவ்வளவு இருப்பினும் அவதானம் தேவை. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளுள் எதுவும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. அங்கு அகதி என்ற தகுதி எமக்குப் பாதுகாப்பாகாது. வதிவிட அனுமதியே யாவும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஒக்டோபர் முதல், தந்தையின் பொறுப்பில் திருமணமாகாத ஆண்பிள்ளை 25 வயதுவரை வதியலாம். பெண்பிள்ளைக்குத் திருமணமாகும்வரை வயதெல்லை இல்லை. பயிற்சி பெறும் மாணவருக்குத் தொழில் அமைச்சு தனியான அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. சுதந்திர வர்த்தக வலயங்களில் அந்தந்த வலய அதிகாரசபையை நாட வேண்டும். அனுமதியின்றி ஆட்களை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்துக்கு, 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கப்படலாம். சுற்றுலா அனுமதியில் சென்று பயிற்சி பெறலாம் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். ஆட்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் அறவிடுவதை அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற் சட்டமும் தடுக்கின்றது. “வெற்றி பெற்றுவிட்டீர்கள், பயிற்சிக்கு முற்பணம் கட்டுங்கள்” என்று கேட்கும் போட்டி, போட்டியன்று.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை நடக்கும் மண்டபத்தில், வகுப்பு முடிந்தபின் ஒரு மணிநேரம் போதும். கடை நடத்துபவர் தமது கடையின் சிக்கலொன்றைச் சொல்லட்டும். சாரதி தமது ஒரு நாள் கணக்கைச் சொல்லட்டும். மாணவர் மூவர் மூவராகச் சேர்ந்து அடுத்த வாரம் விடையுடன் வரட்டும். பிழையான விடைக்காக எவரையும் ஏளனம் செய்யாதிருத்தல் பெரியோரின் கடமை.

வளைகுடாவில் உழைக்கும் உறவினரின் பிள்ளைகளுக்கும் இக்கட்டுரையை அனுப்பி வையுங்கள். எமது வாழ்வை வினாவாக வைத்து உலகம் மீண்டும் கேட்கக்கூடும். அந்நாளில் விடை கூறும் அணியில் எமது பிள்ளைகளும் இருக்க வேண்டும்.