மரத்தில் செதுக்கிய வீடு

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் கடலரிப்புக்கு வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் பல. இழந்த வீட்டை மீண்டும் கட்ட இயலாதோர் அதனை வேறெவ்வகையில் காத்துவைப்பது? அலிகர் தந்த அச்சுக்கலை ஓவியர் ஜரீனா ஹாஷ்மி அவர்களின் வாழ்நாள் உழைப்பு இவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது.

அன்னார் 1937இல் பிறந்தார். தந்தையார் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். அங்கேயே 1958இல் கணிதத்தில் பட்டம் பெற்ற ஜரீனா, தூதரகப் பணியிலிருந்த கணவருடன் நாடு நாடாகச் சென்றார். பாங்காக்கில் மரச்செதுக்கு அச்சில் அறிமுகம் பெற்று, பாரிசில் ஹேய்ட்டரின் பட்டறையிலும் பின்னர் டோக்கியோவிலும் அக்கலையில் தேர்ந்தார். இதனிடையே, 1959இல் குடும்பத்தார் கராச்சிக்குக் குடிபெயர, பிறந்த வீடு நினைவாகிப் போனது. நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்த அவர் 2020 ஏப்ரலில் இலண்டனில் மறைந்தார்.

மரச்செதுக்கு அச்சின் இலக்கணம் எளியது. பலகையில் உளி அகற்றிய இடம் தாளில் வெறுமையாக நிற்கும். அகற்றாது விட்ட மேடே மையேற்றுப் பதியும். இந்திய - பாகிஸ்தான் எல்லையைக் காட்டும் 'பிரிக்கும் கோடு' என்னும் 2001ஆம் ஆண்டுப் படைப்பில், அவர் கோட்டைக் கீறவில்லை; கோட்டின் இருபுறமும் இருந்த பரப்பையே செதுக்கி அகற்றினார். மண் போயிற்று, கோடு நின்றது. பிரிவினையின் வரலாற்றை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலுமா?

1999இல் வெளிவந்த 'வீடு ஓர் அந்நிய இடம்' 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுப்பு. படம் வரைந்து பின்னர் பெயரிடுவது பலரது வழக்கம். இவரோ முதலில் சொற்களைத் தேர்ந்தார். வீடு, வாசற்படி, எல்லை, மொழி என்பன போன்ற உருதுச் சொற்களைப் பாகிஸ்தானிலுள்ள எழுத்தணிக் கலைஞர் ஒருவருக்கு அனுப்பி எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் கணிதம் பயின்றவருக்கே உரிய சிக்கனத்துடன் சில கோடுகளால் உருவம் தந்தார்.

2004இல் உருவான 'வீட்டிலிருந்து கடிதங்கள்' நம் நெஞ்சை இன்னும் நெருங்கி வருகிறது. பாகிஸ்தானில் வாழ்ந்த அக்காள் ராணி, பெற்றோரின் மறைவையும் வீடு விற்கப்பட்டதையும் எழுதி, அஞ்சலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் அவை. அவ்வுருது வரிகளின்மேல் வீட்டின் வரைபடத்தையும் ஊர்களின் வரைபடங்களையும் தங்கை அச்சிட்டார். உருது அறியாதவர் அங்குக் காண்பது கோடுகளை மட்டுமே. அறிந்தவரோ ஒரு குடும்பத்தின் துயரத்தைப் படிக்கிறார்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் நோக்க வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகம் நாடிச் சென்ற நம் முன்னோர்க்கு, வீட்டுப் பெண்டிர் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் பல இல்லங்களின் பெட்டகங்களில் உறங்குகின்றன. அவற்றைப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். கடல் கொண்ட வீட்டை நாம் மீட்க இயலாது. பெட்டகத்திலுள்ள வீட்டைத் திறக்க இன்னும் சிறிது காலம் இருக்கிறது.