நின்று கெடும் சக்கரம்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பிரயாண டிரெய்லரை, அதாவது அடுப்பும் படுக்கையும் குளியலறையும் கூடிய நடமாடும் வீட்டை, வாங்குகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா என்று சிரத்தையாகப் பார்ப்பார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கி உருளும் பேரிங்குகளோ, சக்கரத்தின் நடுவே ஒரு சிறு மூடிக்குள் மறைந்திருப்பதனாலேயே அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை.

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் உண்டு. ஒரு முனை சிறுத்த உருளைகளை வட்டமாக அடுக்கிய இந்த ஜாதி பேரிங்குக்கு, செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், தம் உறவினர் ஒருவருடன் சேர்ந்து 1898-ல் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருங்கே தாங்குவது இதன் விசேஷம்.

இவ்வளவு திடமான சாதனம் ஓடித் தேய்வதைக் காட்டிலும் நின்று கெடுவதே டிரெய்லரின் துரதிருஷ்டம் என்பேன். குளிர்காலம் முழுவதும் அசையாமல் கிடக்கும் வண்டியில், கிரீஸ் வடிந்து கீழிறங்க, ஈரம் உட்புகுந்து, உருளையும் வளையமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் துரு அரிக்கிறது. கோடையில் வண்டி புறப்பட்டதும் அந்தப் பொடிக்குழிகளிலிருந்தே உலோகம் செதில் செதிலாக உரிய, உஷ்ணம் ஏறி, கிரீஸ் கருகி, முற்றிய நிலையில் சக்கரமே கழன்றுவிடுவதும் உண்டு.

ஆகவேதான் 12 மாதத்துக்கொரு முறை, அல்லது 12,000 மைல் ஓடியதும், எது முந்துகிறதோ அப்போது, பேரிங்கைக் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. பழைய கிரீஸைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கையில் ஒரு கட்டி புதுக் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், உருளைகளின் இடுக்குகள் வழியாக மறுபுறம் கிரீஸ் பிதுங்கும். அப்படிச் சுற்றிலும் பிதுங்கும்வரை விடலாகாது. குழி விழுந்ததையும் சூட்டில் நீலம் பாரித்ததையும் வெளிவளையத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும். கிரீஸ் கசியாமல் காக்கும் சீல் எப்போதும் புதியது. கழற்றாமலே கிரீஸ் ஏற்ற நிப்பிள் வைத்த அச்சுகளும் உண்டு. ஆனால் அவசரப்பட்டு அடித்தால் கிரீஸ் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்விடும், உருளையின் கதியும் தெரியாது.

ஹப்பை அச்சில் பிடித்து நிறுத்தும் நட்டைத் திரும்ப மாட்டும்போது, இறுக்கினால் பத்திரம் என்று நினைப்பது பேதைமை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முதலில் நன்றாக இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகிவிட்டு, காட்டர் பின்னைச் செருக வேண்டும். மயிரிழை அளவு ஆட்டம் இருந்தே தீர வேண்டும்.

வழியில் பெட்ரோலுக்கு நிற்கையில் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகுந்து சுட்டால், பேரிங்கோ, விடாமல் உரசும் பிரேக்கோ காரணமாயிருக்கலாம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றி, கரகரவென்ற ஓசை கேட்கிறதா என்று பார்க்காமல் மேலே நகரக் கூடாது.