உக்குலேலே: தெள்ளுப்பூச்சியா, வந்த பரிசா?

நமது சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, மார்போடு அணைத்த சின்னஞ்சிறு தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டிக்கொண்டே பாடிச் சபையோரின் கரகோஷத்தைப் பெற்றாள். விழா முடிந்து சிற்றுண்டி வழங்கும் வேளையில் அவளுடைய பாட்டியார், "இந்தக் குட்டி வீணைக்கு என்ன பேர், கண்ணு?" என்று வினவினார். "யூகலேலி, பாட்டி" என்றாள் பேத்தி. "அப்படியென்றால் என்ன அர்த்தம்?" என்பது பாட்டியாரின் அடுத்த கேள்வி. சிறுமி, அருகில் நின்ற நம்மை ஏறிட்டு நோக்கி, "பத்திரிகையிலே எழுதுகிற மாமாவுக்குத் தெரியும், பாட்டி" என்றாள். மாமாவுக்கு அன்று தெரியவில்லை. "இதழில் எழுதுகிறோம், அம்மா" என்று கூறித் தப்பினோம். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

கப்பலில் வந்த வாத்தியம்

பெயரின் பொருளை ஆராயுமுன் பெயருக்குரிய பொருளின் வரலாற்றை அறிதல் நலம். இதனை ஹவாய்த் தீவுகளின் வாத்தியம் என்றே உலகம் கொண்டாடுகிறது. ஆயினும் அதன் மூதாதையர் ஹவாயில் பிறந்தவரல்லர். அட்லாண்டிக் மாகடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, போர்ச்சுகலுக்கு உரிய மதீரா என்னும் தீவு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவின் திராட்சைத் தோட்டங்கள் நோய் கண்டு நலிந்தன, குடிகள் வறுமையுற்றனர். அதே காலத்தில் பசிபிக் மாகடலின் நடுவே இருந்த ஹவாய் அரசில் கரும்புத் தோட்டங்கள் பெருகி, உழைக்க ஆள் வேண்டி நின்றன. மதீரா மக்கள் ஒப்பந்தத் தொழிலாளராய்க் கப்பலேறினர். நம்மவர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியதும் அந்த நூற்றாண்டிலேதான் என்பதை அன்பர்கள் நினைவு கூர்க.

'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் நான்கு மாதக் கடற்பயணத்தின் பின், 400க்கும் மேற்பட்ட மதீரா மக்களுடன் 1879 ஆகஸ்டு 23ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரை கண்ட களிப்பில் ஜுவாவ் பெர்னாண்டெஸ் என்பவர், உடன் வந்தவர் ஒருவரின் வாத்தியத்தை வாங்கி மீட்டிப் பாடினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். புதிதாக வந்த மதீராத் தீவினர் இரவுதோறும் வீதிகளில் இசை விருந்து அளிப்பதாக அடுத்த இரண்டு வாரங்களுக்குள்ளேயே உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதிவிட்டது.

அவர்கள் கொணர்ந்தவை இரண்டு வாத்தியங்கள். ஒன்று, 'மஷேத்தே' என்றும் 'பிரகீன்யா' என்றும் வழங்கிய நான்கு தந்திச் சிறு கருவி. மற்றொன்று, 'ரஜாவ்' என்னும் ஐந்து தந்திக் கருவி. அதே கப்பலில் மானுவெல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்ட்டோ என்னும் மூன்று மரவேலைக் கலைஞரும் இருந்தனர். தோட்ட வேலை ஒப்பந்தம் முடிந்த பின் அவர்கள் நகரத்தில் பட்டறை அமைத்து, ஹவாயில் விளையும் 'கோவா' என்னும் மரத்தில் இக்கருவிகளைச் செய்யலாயினர். முன்னதன் உருவும் பின்னதன் சுருதியும் கூடிப் புதியதொரு வாத்தியம் உருவாயிற்று. கலைகளைப் போற்றிய மன்னர் கலாகவுவா அதனை அரண்மனை விழாக்களில் ஏற்றார். ஹுலா நடனத்துக்கும் அது துணையாயிற்று. மன்னர் ஏற்றதை மக்களும் ஏற்றனர்.

பெயர் வந்த வழி

வாத்தியத்தை வந்தவர்கள் தந்தார்கள். பெயரை இருந்தவர்கள் இட்டார்கள். 'உக்கு', 'லேலே' என்னும் இரண்டு ஹவாய்ச் சொற்கள் சேர்ந்தது அப்பெயர். 'உக்கு' என்றால் பேன், தெள்ளு. 'லேலே' என்றால் தாவுதல். ஆகவே 'தாவும் தெள்ளு' என்பது நேர்ப்பொருள். நாய் பூனைகளின் உடலில் துள்ளித் திரியும் தெள்ளுப்பூச்சிக்கும் இசைக்கும் என்ன உறவு?

இதற்கு இரண்டு விளக்கங்கள் கூறுவர். தந்திகளின்மேல் வாசிப்பவரின் விரல்கள் தெள்ளைப்போல் தாவுவதைக் கண்டு மக்கள் இப்பெயரிட்டனர் என்பது ஒன்று. மன்னரின் அரண்மனையில் அலுவல் பார்த்த எட்வர்ட் பர்விஸ் என்னும் ஆங்கிலேயர் குள்ளமான உருவும் துறுதுறுப்பும் உடையவர். அவருக்கு மக்கள் இட்ட கேலிப் பெயரே அவர் விரும்பி வாசித்த வாத்தியத்துக்கும் ஆயிற்று என்பது மற்றொன்று. மேரி கவேனா புக்குயி, சாமுவேல் எல்பெர்ட் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட ஹவாய் அகராதி, இரண்டாவது விளக்கமே பெரும்பாலும் பொருந்தும் என்று கருதுகிறது.

ராணியார் கண்ட பொருள்

மூன்றாவது விளக்கம் ஒன்றும் உண்டு. அதனைச் சொன்னவர் சாமானியரல்லர். ஹவாயின் கடைசி அரசி லிலியுவொகலானி. அவரே சிறந்த பாடலாசிரியர், இசைவாணர். 'இங்கு வந்து சேர்ந்த பரிசு' என்பதே இச்சொல்லின் பொருள் என்பது அவர் கருத்து. இஃது எவ்வாறு பொருந்தும்?

ஹவாய் மொழியில் 'உக்கு' என ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்றில், 'உ' என்று தொடங்குமுன் தொண்டையில் மூச்சு கணப்பொழுது அடைபட்டு வெளிப்படும். இவ்வடைப்பை 'ஒக்கினா' என்பர்; அம்மொழியில் இதுவும் ஒரு மெய்யெழுத்து. அடைப்புடன் சொன்னால் பேன், தெள்ளு. அடைப்பின்றிச் சொன்னால் கூலி, ஈடு, வெகுமதி. அக்காலத்து எழுத்தில் ஒக்கினாவைக் குறியிட்டுக் காட்டும் வழக்கம் பரவவில்லை; ஆகவே தாளில் இரண்டும் ஒன்றே. 'லேலே' என்பதற்கும் தாவுதல், பறத்தல் என்பவற்றோடு ஓடத்திலிருந்து கரையிறங்குதல் என்னும் பொருளும் உண்டு. பறக்கும் கப்பல் என்னும் பொருளில் ஆகாய விமானத்தை அம்மக்கள் 'மொக்குலேலே' என்பதும் இச்சொல் கொண்டேயாம்.

இவற்றுள் எது சரி? ஹவாய் மக்கள் வாத்தியத்தின் பெயரைத் தொண்டை அடைப்புடனேயே உச்சரிக்கின்றனர். எனவே ஒலிநூல் தெள்ளுப்பூச்சியின் பக்கமே சாட்சி சொல்கிறது. ராணியாருக்குத் தம் தாய்மொழியில் இவ்வேறுபாடு தெரியாதிருந்திருக்க இயலாது. தெரிந்தும், கடல் கடந்து கரையிறங்கிய ஏழைகள் கொணர்ந்ததைப் பரிசு என்று அவர் கொண்டாரெனில், அதனை ஓர் அரசியின் உபசார மொழியாகவே நாம் கொள்ளுகிறோம்.

சொல் வாழ்ந்தது, மொழி வாடியது

இனிச் சொல்லப் போவது துயரக் கதை. 1893இல் அமெரிக்க வணிகரும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ராணியாரை அரியணையினின்று இறக்கினர். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி பேசிய குழந்தைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டனர். 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் ஹவாய் மண்டபத்து இசை கேட்டு மக்கள் மயங்கினர். அதன்பின் அமெரிக்கா முழுவதும் இவ்வாத்தியம் பரவிற்று.

இதனைச் சற்றே சிந்தியுங்கள். ஹவாய்ச் சொல் ஒன்று உலகோர் நாவிலெல்லாம் நடமாடத் தொடங்கிய அதே காலத்தில், ஹவாய்க் குழந்தை தன் பள்ளியில் தாய்மொழி பேச அஞ்சியது. உலகம் சொல்லை எடுத்துக்கொண்டது, மொழியைக் கண்டுகொள்ளவில்லை. இந்நிலை மாறப் பல்லாண்டுகள் சென்றன. 1978இல் ஹவாய் மாநில அரசமைப்பு அம்மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்றது. 1984இல் பெற்றோரும் ஆசிரியரும் முயன்று, முற்றிலும் ஹவாய் மொழியிலேயே பேசிப் பழக்கும் மழலைப் பள்ளியைக் கவாய்த் தீவில் தொடங்கினர். 'பூனானா லேயோ', அதாவது குரல்களின் கூடு, என்பது அதன் பெயர். வீட்டுக்கு வெளியே வேறு மொழி வழங்கும் ஊர்களில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, அந்தப் பெற்றோரின் கவலை புதிதன்று.

வழங்கும் முறை

சொல்லை எவ்வாறு ஒலிப்பது? 'யூகலேலி' என்பது ஆங்கிலேயர் நாவில் திரிந்த வடிவம். 'உக்குலேலே' என்பதே ஹவாய் ஒலிப்புக்கு அணித்தானது. ஒற்றைக் ககரமிட்டு எழுதினால் தமிழ் நா அதனை மெலிந்து ஒலிக்கும். ஆதலின் இரட்டித்து எழுதினோம். பன்மைக்கு ஆங்கிலத்தில் இறுதியில் 'ஸ்' சேர்ப்பர். ஹவாய் மொழியிலோ பெயர் மாறுவதில்லை. முன்னே 'நா' என்னும் சிறுசொல் வந்து பன்மையைக் காட்டும்.

சுருதி சேர்க்கும் முறையும் சுவையானது. இரண்டாம் தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலுள்ள தந்தி தொடங்கி முறையே ப, ஸ, க, த என்று நான்கும் ஒரே ஸ்தாயியில் அமையும். இவ்வரிசையை நினைவில் வைக்க ஆங்கிலேயர், தம் நாய்க்குத் தெள்ளுப் பிடித்திருப்பதைக் கூறும் நான்கு சொல் வாக்கியம் ஒன்றைப் பாடிக் காட்டுவர். தெள்ளுப்பூச்சி அங்கும் விடாது தாவி வந்து சேர்ந்தது!

பாட்டியாருக்கு நாம் கூறும் விடை இதுவே. அம்மா, பேத்தியின் கையிலுள்ளது தெள்ளுப்பூச்சி என்பது அகராதி. வந்த பரிசு என்பது ராணியாரின் வாக்கு. பிழைக்க வந்தவர்களுக்கும் அவர்தம் பொருள்களுக்கும் ஊரார் பெயரிடுவது உலக வழக்கம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மை எல்லா ஊர்க்காரரையும் சேர்த்து 'மதராஸி' என்று அழைத்ததை நம்மில் மூத்தோர் அறிவர். கேலியாய் இட்ட பெயரும் கருவியின் இனிமையைக் குறைத்துவிடவில்லை. ஊரே அதனைத் தன்னுடையதென்று பெருமை கொள்ளும் நாள் வந்தது. பேத்தி நன்றாக வாசிக்கட்டும். அதன் பெயரை அதற்குரிய மக்கள் சொல்லுமாறே சொல்லட்டும். தன் பெயரைப் பிறர் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவளும் விரும்புவாள் அன்றோ?