துளை பொருந்தினால் மட்டும் போதாது

பஞ்சிகாவத்தையில் பழைய அலோய் ரிம் விற்கும் கடைக்குப் போனால் முதல் கேள்வி துளையைப் பற்றித்தான் இருக்கும். நாலு துளையா, ஐந்து துளையா? நூறா, நூற்றிப் பதினாலா? விட்ஸ், அக்குவா, ஃபிட், வேகன் ஆர் என்று கொழும்பு வீதிகளில் நிறைந்திருக்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நாலு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம். அதனால் ஒன்றின் ரிம் இன்னொன்றின் ஸ்டட்டில் போய் உட்கார்ந்துவிடும். நட்டும் இறுகும். வாங்கியவர் சந்தோஷமாகக் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்கு ஓட்டி வந்துவிடுவார். பிறகு ஒருநாள் வீட்டார் அத்தனை பேரையும் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பும்போதுதான், ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சில்லுக்கு மேலே சுரண்டும் சத்தம் கேட்கும்.

துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும் சொல்வது ரிம் காரில் ஏறுமா என்பதை மட்டுமே. ஏறிய சில்லு எந்த இடத்தில் நிற்கும் என்பதை வேறோர் இலக்கம் தீர்மானிக்கிறது. அதுதான் ஒஃப்செட். விலை பேசும்போது இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது உண்மையாகவே கவலை தரும் விஷயம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெயாரிங்கும் எப்படி நடந்துகொள்ளும் என்பது இந்த ஓர் இலக்கத்தில் பெரிதும் தங்கியிருக்கிறது.

ஒரு ரிம்மை மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். டயர் உட்காரும் அகலத்தின் சரிபாதியில் ஒரு கோடு போடுங்கள். இது ரிம்மின் நடுக்கோடு. அடுத்து, ரிம்மின் பின்பக்கத்தில் நட் துளைகளைச் சுற்றியுள்ள தட்டையான பகுதியைப் பாருங்கள். காரின் ஹப்பில் ஒட்டி நிற்பது இந்த முகம்தான். நடுக்கோட்டுக்கும் இந்த முகத்துக்கும் இடையே உள்ள தூரமே ஒஃப்செட். அதை மில்லிமீற்றரில் சொல்வார்கள். முகம் நடுக்கோட்டைத் தாண்டி வீதிப் பக்கமாக இருந்தால் அது நேர் ஒஃப்செட். ரிம்மின் பெரும்பகுதி காருக்குள்ளே போய்விடும். முகம் நடுக்கோட்டிலேயே இருந்தால் பூச்சியம். உட்பக்கமாகத் தள்ளியிருந்தால் எதிர் ஒஃப்செட். ரிம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இன்றைய முன்சில்லு இழுவைக் கார்களில் பொதுவாக 35க்கும் 55க்கும் இடைப்பட்ட நேர் ஒஃப்செட்டையே காணலாம். பழைய பின்சில்லு இழுவைக் கார்களிலும் ஜீப் வகைகளிலும் அது மிகவும் குறைந்திருக்கும்.

ஆழமான கிண்ணம் வைத்த ரிம் மீது இளைஞர்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை, அது ஏன் சின்னக் கார்களில் தொல்லை தருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஹப் நிற்கும் இடம் மாறுவதில்லை. ரிம்மின் கம்பிகள் அந்த முகத்திலிருந்தே கிளம்பியாக வேண்டும். ஒஃப்செட் குறையக் குறைய முகம் உள்ளே போகிறது, வெளி விளிம்பு முன்னே வருகிறது, நடுவில் பள்ளம் ஆழமாகிறது. அழகு என்று நாம் பார்க்கும் அந்தப் பள்ளமே குறைந்த ஒஃப்செட்டின் விளைவுதான். ஆகவே, கிண்ணமும் வேண்டும், சில்லு பழைய இடத்திலேயே நிற்கவும் வேண்டும் என்று ஒரு விட்ஸ் காரிடம் கேட்டால் அது நடக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரோடு வந்த ரிம் 15 அங்குலம், அகலம் 5 ஜே, ஒஃப்செட் 39 என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குலம் என்றால் 127 மில்லிமீற்றர், அதில் பாதி 63.5. பாதியிலிருந்து ஒஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்துக்கு வெளியே ரிம் எவ்வளவு நீட்டுகிறது என்பது கிடைக்கும்: 24.5. பாதியோடு ஒஃப்செட்டைக் கூட்டினால் உள்ளே எவ்வளவு போகிறது என்பது: 102.5.

கடைக்காரர் காட்டும் ரிம் 16 அங்குலம், 7 ஜே, ஒஃப்செட் 35. “பழையது 39, இது 35, நாலு மில்லிமீற்றர்தானே வித்தியாசம், ஒன்றும் ஆகாது” என்று சொல்லுவார். அகலத்தைச் சேர்த்துப் பாருங்கள். 7 அங்குலத்தில் பாதி 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது சில்லின் வெளி விளிம்பு பழையதைவிட 29.4 மில்லிமீற்றர் வெளியே வருகிறது. அதே நேரத்தில் உள் விளிம்பு ஷொக் அப்சோபரை 21.4 மில்லிமீற்றர் நெருங்குகிறது. நாலு என்று சொன்னது மூன்று சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டது. பின்பக்க மட்கார்ட்டின் மடிப்பு டயரைத் தொடப் பாரம் ஏறினால் போதும்.

இன்னொரு ரிம், 6 ஜே, ஒஃப்செட் 45. ஒஃப்செட் கூடியிருப்பதால் சில்லு முழுவதும் உள்ளே போய்விடும் என்று தோன்றும். கணக்குப்படி வெளியே 31.2, உள்ளே 121.2. வெளி விளிம்பு 6.7 மில்லிமீற்றர் முன்னே வந்திருக்கிறது, உட்புறம் 18.7 மில்லிமீற்றர் நெருங்கியிருக்கிறது. அகலத்தை விட்டுவிட்டு ஒஃப்செட்டை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டு இலக்கமும் கையில் இருந்தால், கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் கழித்தல் கூட்டலில் எல்லாம் தெரிந்துவிடும்.

இலக்கம் எங்கே இருக்கும்? ரிம்மைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கம்பிகளின் பின்புறத்திலோ, ஹப் முகத்துக்கு அருகிலோ வார்ப்பில் எழும்பியிருக்கும். ஐரோப்பிய வழக்கப்படி ஈ.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 45 என்றிருக்கும். சில ஜப்பான் ரிம்களில் வெறும் இலக்கம் மட்டுமே இருக்கும். பிரேக் தூசி கறுப்பாகப் படிந்திருந்தால் பழந்துணியால் துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். எழுத்து எழும்பித் தெரியும். அங்கேயே ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற முத்திரைகளும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஜப்பானின் இலகு உலோக ரிம் தரத்துக்கு ஏற்பச் செய்தது என்று தயாரிப்பாளர் தரும் உறுதி. இரண்டாவது, வெளியார் பரிசோதனையில் தேறியதற்கான அடையாளம்.

இலக்கம் அழிந்திருந்தால் அளந்துவிடலாம். ரிம்மின் வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு சாக்கின் மேல் வையுங்கள். பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, சட்டத்தின் அடியிலிருந்து ஹப் முகம் வரை அளவுகோலை இறக்குங்கள். 6 ஜே ரிம்மில் அது 134 மில்லிமீற்றர் என்று வருகிறது என்போம். 6 அங்குலம் என்பது டயர் உட்காரும் அகலம் மட்டுமே. இரண்டு பக்க விளிம்பையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறத்தாழ 7 அங்குலம், 178 மில்லிமீற்றர். அதில் பாதி 89. 134இலிருந்து 89ஐக் கழித்தால் 45. ஓரிரு மில்லிமீற்றர் கூடக் குறைய வரலாம், ஆனால் 45 என்று சொல்லி 25ஐ உங்கள் தலையில் கட்ட முடியாது.

சரி, சில்லு கொஞ்சம் வெளியே வந்தால் என்ன கெட்டுப்போகிறது? முதலில் பெயாரிங். காரின் பாரம் பெயாரிங்கின் மேல் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கணக்கிட்டே ஹப்பைச் செய்திருக்கிறார்கள். தேங்காய்ப் பையை உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். பாரம் அதே, நெம்பும் விசை கூடுகிறது. ஓட்டத்தோடு கூடும் ஒரு முனகல் சத்தம் கேட்கத் தொடங்கினால் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டியரிங்கில் நடப்பது இதைவிட நுட்பமானது. முன்சில்லு திரும்பும்போது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. ஷொக்கின் மேல்முனையையும் கீழே உள்ள போல் ஜொயின்றையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அதுதான் அந்த அச்சு. அந்தக் கோட்டை நிலம் வரை நீட்டுங்கள். அது நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் டயர் நிலத்தில் பதியும் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள சின்னத் தூரத்தைப் பொறியியலாளர்கள் மிகவும் கவனமாகத் தீர்மானிக்கிறார்கள். 1972இல் வந்த அவுடி 80 காரில் அச்சுப் புள்ளியை டயரின் நடுவைத் தாண்டி வெளிப்புறமாக வைத்தார்கள். அந்தக் காரின் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தன: ஒரு குழாய்க்கு இடது முன்சில்லும் வலது பின்சில்லும், மற்றதற்கு எஞ்சிய இரண்டும். ஒரு குழாய் பழுதானால் முன்பக்கத்தில் ஒரே ஒரு சில்லுதான் பிடிக்கும், கார் அந்தப் பக்கமாக இழுபட வேண்டும். அச்சுப் புள்ளி வெளியே இருப்பதால், பிரேக் பிடித்த அந்தச் சில்லே சற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பி இழுவையைச் சமன்செய்துவிடும். பிறகு வந்த பல முன்சில்லு இழுவைக் கார்களும் இந்த வழியைப் பின்பற்றின.

இப்படி மில்லிமீற்றர் கணக்கில் அமைத்த டயரின் நடுவை ஒஃப்செட் மிகவும் குறைந்த ரிம்மால் வெளியே தள்ளினால், சமன்செய்ய வைத்த ஏற்பாடே எதிராக வேலை செய்யத் தொடங்கும். ஒரு சில்லு மழைத்தண்ணீரில், மற்றது காய்ந்த தாரில் இருக்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் அந்த உதறல் கைக்கு வரும்.

ஸ்பேசர் போடுவதும் இதே காரியம்தான். 45 ஒஃப்செட் ரிம்முக்குப் பின்னால் 20 மில்லிமீற்றர் தட்டு வைத்தால், அது 25 ஒஃப்செட் ரிம் மாதிரியே நிற்கும். அதோடு, பழைய ஸ்டட்டிலேயே நட்டை மாட்டினால் நட்டுக்குக் கிடைக்கும் புரி குறைந்துவிடும். 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் குறைந்தது அதே அளவு நீளத்துக்காவது நட் ஏறியிருக்க வேண்டும். வீட்டாரை ஏற்றிச் செல்லும் காரில் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம் என்பதே என் முடிவு.

நடுத்துளையையும் மறக்கக் கூடாது. நாலு துளை டொயோட்டா ஹப்பின் நடு 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவினது 56.1. வெளிச்சந்தை ரிம்களில் எல்லாக் காருக்கும் போகட்டும் என்று பெரிய துளை விட்டிருப்பார்கள். இடைவெளியை நிரப்ப வளையம் போடாவிட்டால் ரிம் நடுவில் உட்காராமல் போகலாம். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி நெரிசலில் இது தெரியவே தெரியாது. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி 90ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலர் அதை வீல் பலன்ஸ் பிழை என்று நினைத்து, பலன்ஸ் பார்க்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவார்கள்.

2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025இல். இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய காரையே ஓட்டியவர்கள், ஓடிக் களைத்த அந்தக் காருக்குப் புது ரிம் போட்டு அழகு பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நம் நாட்டில் தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும். சில்லு எங்கே நிற்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் ரிம் மட்கார்ட்டுக்கு வெளியே நீட்டினால் கார் தேறாது. இங்கே அந்தப் பரிசோதகரின் வேலையும் உங்கள் தலையில்தான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் பழைய ரிம்மின் அகலத்தையும் ஒஃப்செட்டையும் எழுதிக்கொண்டு போங்கள். அகலம் ஒரு அங்குலத்துக்கு மேல் கூட வேண்டாம், ஒஃப்செட் பழையதிலிருந்து ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் விலக வேண்டாம். பணம் கொடுக்குமுன் ஒரு முன்சில்லையும் ஒரு பின்சில்லையும் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கடற்காற்றுப் படும் மரைன் டிரைவ் பக்கத்துக் கார்களில் அது தடிப்பாகவே பிடித்திருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயருக்கும் ஷொக்குக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, பின்சில்லுக்கு மேலே குனிந்து பாருங்கள். இதற்கெல்லாம் இடம் கொடுக்காத கடையில், ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வாங்கி மாட்டியவர்கள் முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.