கைலி கட்டினா ஓகே... ஸ்கர்ட் போட்டா சிரிப்பா?

சின்னதா ஒரு டெஸ்ட் பாஸ்! ஞாயிற்றுக்கிழமை காலை. உங்க ஹாஸ்டல் வாசல் டீக்கடை. மூட்டின கைலியோட ஒருத்தர் வந்து நின்னு, 'மாஸ்டர், ஒரு டீ... சர்க்கரை கம்மி'ங்கிறார். யாராவது திரும்பிப் பார்ப்பாங்களா? மாட்டாங்க. அதே ஆள், அதே துணி, அதே நீளம். இடுப்புல ஒரு எலாஸ்டிக் மட்டும் வெச்சுத் தைச்சு, பேரை 'ஸ்கர்ட்'னு மாத்திக்கிட்டு வர்றார். இப்போ? மொத்தக் கடையும் கொல்லுன்னு சிரிக்கும். மாஸ்டர் டீ ஆத்துறதை நிறுத்திட்டு வேடிக்கை பார்ப்பார்!

இத்தனைக்கும் இரண்டும் ஒரே சமாச்சாரம்தான். இரண்டு முனையையும் சேர்த்து மூட்டிய, கால் பிரியாத துணி. அப்படியானால் தெருவில் போகிறவர்கள் சிரிப்பது துணியைப் பார்த்தா, இல்லை வேறு எதையோ நினைத்தா?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுப் பசங்க நிஜமாகவே ஸ்கர்ட் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி பதில் தேடியிருக்கிறார்கள். சிலருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஒரு பையனுக்கு மனநல ஆலோசகரின் அறை கிடைத்தது!

வெயில் கொடுத்த லைசென்ஸ்

2013 ஜூன். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ரோஸ்லாக்ஸ்பானன் என்கிற புறநகர் ரயில். கோடை வெயிலில் எஞ்சின் கேபின் அடுப்பாகக் கொதித்தது. 'அரை டிராயர் போட்டுக்கலாமா?' என்று கேட்ட டிரைவர்களுக்கு, 'யூனிஃபார்மில் அதுக்கு இடமில்லை' என்று பதில் வந்தது. ஆனால், ஸ்கர்ட்டுக்கு இடம் இருந்தது. அவ்வளவுதான்... பத்துக்கும் மேற்பட்ட ஆண் டிரைவர்கள் ஸ்கர்ட்டோடு வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! நிர்வாகமும் தடுக்கவில்லை. 'ஆண் என்பதற்காகக் கூடாது என்று சொன்னால் அது பாகுபாடு' என்று சொல்லிவிட்டது. பிறகு அரை டிராயரும் அனுமதிக்கப்பட்டது.

ஜனங்க எப்படிப் பார்த்தாங்க? அந்த டிரைவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது சுவாரஸ்யம். பிளாட்பாரத்தில் நிற்கும்போது பயணிகள் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறார்களாம். ஆனால், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

2017 ஜூனில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்துப் பள்ளி ஒன்றிலும் இதே கதை. 30 டிகிரி தாண்டிய வெயிலில் முழுக்கால் பேண்ட்டோடு வெந்துகொண்டிருந்த பசங்க, ஷார்ட்ஸ் கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அக்கா, தங்கை, தோழிகளிடம் ஸ்கர்ட் கடன் வாங்கி சுமார் 30 பேர் வரிசைகட்டி வந்து நின்றார்கள். உலகம் முழுக்க அந்த போட்டோ ரவுண்டு வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஷார்ட்ஸ் உண்டு என்று பள்ளி இறங்கி வந்தது. கிட்டத்தட்ட அதே நாட்களில் ஃபிரான்ஸின் நான்ட் நகரத்து பஸ் டிரைவர்களும் ஸ்கர்ட் போட்டுத்தான் பெர்முடா வாங்கினார்கள்!

இந்த மூன்று இடத்திலும் பார்த்தவர்கள் ரசித்தார்கள், வாழ்த்தினார்கள், சேர்ந்து சிரித்தார்கள். ஏன்னு யோசிச்சீங்களா? ஒண்ணு, கூட்டமா இருந்தாங்க. ரெண்டு, 'வெயில்'னு ஒரு காரணம் கையில இருந்தது. மூணு, ரொம்ப முக்கியமானது... 'நாளைக்குக் கழட்டிடுவாங்க'ங்கிற நிம்மதி. ஜோக்குக்கு ஸ்கர்ட் போட்டால் ஜனங்களுக்குப் பிரச்னையே இல்லை. நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸிலும் பாவாடை தாவணி கட்டி டான்ஸ் ஆடுற பையனுக்குத்தானே பெரிய விசில்!

எல்லாரும் நம்மளையே பார்க்கிறாங்களா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு ஜாலியான ஆராய்ச்சி நடந்தது. தாமஸ் கிலோவிச் என்கிற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-ல் வெளியிட்டது. மாணவர்கள் போட்டுக்கொள்ளவே கூச்சப்படும் ஒரு டி-ஷர்ட்டை ஒருவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் உன் டி-ஷர்ட்டில் இருந்த படத்தைக் கவனிச்சிருப்பாங்க?' என்று கேட்டால், 'பாதிப் பேராவது' என்றார்கள் அந்த மாணவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான்!

ஸ்கர்ட் போட்டு வெளியே போகும் ஆண்களும் இதையேதான் சொல்கிறார்கள். முதல் நாள் வாசற்படி தாண்டும்போது ஊரே தன்னைப் பார்ப்பதாகத் தோன்றும். அப்புறம் பார்த்தால் பாதிப் பேர் செல்போனில், மீதிப் பேர் அவரவர் கவலையில்.

பார்க்கிறவர்களிலும் சில ரகங்கள் உண்டு. கடந்து போன பிறகு 'நாம பார்த்தது நிஜம்தானா?' என்று திரும்பிப் பார்க்கும் ரகம். 'என்ன பாஸ், பெட்டா?' என்று காரணம் கேட்கும் ரகம். பக்கத்தில் வந்து, 'எங்கே வாங்கினீங்க?' என்று விசாரிக்கும் ரகம். கடைசியாக, தனியாக இருக்கும்போது வாயே திறக்காமல், நாலு பேர் சேர்ந்ததும் ஓவென்று கத்தும் ரகம். இந்தக் கடைசி ரகம் எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை!

கூட்டத்தில் வரும் கை

'ஸ்காட்லாந்தில் ஆண்கள் பாவாடை போடறாங்களே, அங்கே யார் சிரிக்கிறாங்க?' என்று கேட்கலாம். நியாயம்தான். கில்ட் அங்கே கௌரவம். கல்யாணமா, கில்ட். பட்டமளிப்பா, கில்ட். 1746-ல் ஆங்கிலேய அரசு அந்த ஹைலேண்ட் உடையையே தடை செய்தது. முதல் முறை மாட்டினால் ஆறு மாதம் ஜெயில். மறுபடி மாட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல்! 1782-ல்தான் சட்டம் ரத்தானது. அப்படி மீட்ட உடை அது.

ஆனால், அந்தக் கௌரவத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கில்ட் போட்டவரைப் பார்த்ததும் அந்நியர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'உள்ளே என்ன போட்டிருக்கே?' பல பேருக்கு இது அப்பாவி ஜோக். சில பேர் கேட்பதோடு நிறுத்துவதில்லை, கையால் தூக்கிப் பார்த்துவிடுகிறார்கள். 2017-ல் இன்வர்னஸ் நகரத்து பார் ஒன்றில் வேலை பார்த்த ஆண்கள், குடித்துவிட்டு வரும் பெண் வாடிக்கையாளர்கள் கில்ட்டைத் தூக்குவது தாங்காமல் பேண்ட்டுக்கு மாறிவிட்டது பெரிய செய்தியானது.

படிக்கும்போது சிரிப்பு வருதுல்ல? அந்த வரியில் ஆண் - பெண் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் படிச்சுப் பாருங்க. சிரிப்பு வராது. ஹோட்டலில் தட்டு ஏந்தி நிற்கிறவர் உடையில் கை வைப்பது, யார் வைத்தாலும் அசிங்கம்தான். கூட்டத்தில் எங்கிருந்தோ வரும் அந்தக் கையை உங்க கிளாஸ் பொண்ணுங்க டவுன் பஸ்ஸில் தினமும் சமாளிச்சுக்கிட்டுதான் காலேஜுக்கு வர்றாங்க. உடையை மாற்றின ஆண்களுக்கு அந்த அனுபவத்தில் ஒரு துளிதான் கிடைத்தது.

காரணம் இல்லேன்னா?

நடிகர் போட்டால் இது ஃபேஷன். 1985-லேயே பாரீஸ் டிசைனர் ழான் பால் கோத்தியே, ஆண்களுக்கு ஸ்கர்ட் மாட்டி மேடையில் நடக்கவிட்டார். 2022-ல் பெர்லினில் பிராட் பிட் ஸ்கர்ட்டோடு சினிமா விழாவுக்கு வந்தார். கேமராக்கள் கண்ணடித்தன. அவர் இறங்கினது கார்ல... சுத்தி பவுன்சர்கள். பஸ் ஸ்டாண்டில் தனியா நிற்கிற பையனுக்கு அதெல்லாம் கிடையாது.

2014 மே 16. ஃபிரான்ஸின் நான்ட் வட்டாரத்தில் மாணவப் பிரதிநிதிகள் ஒரு நாளை அறிவித்தார்கள். பெண்கள் மீதான பாகுபாட்டை எதிர்த்து, மாணவர்கள், மாணவிகள் எல்லாரும் அன்று ஸ்கர்ட் போட்டு வரலாம். விருப்பமில்லாதவர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் போதும். கட்டாயம் எதுவும் இல்லை. 27 பள்ளிகள் சேர்ந்தன. எக்ஸிடர் பசங்களைப் போல இவர்களுக்கும் கைதட்டல் கிடைத்ததா? இல்லை. பள்ளி வாசலிலேயே எதிர்ப்பு ஆர்ப்பாட்டம்! வெயிலுக்குப் போட்டால் ரசிக்கிற உலகம், கொள்கைக்குப் போட்டால் முறைக்கிறது.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் கனம். 2020 அக்டோபரில் பில்பாவ் நகரத்து மாணவன் ஒருவன் ஸ்கர்ட் போட்டு வகுப்புக்குப் போனான். பாதியில் வெளியே அழைத்து, உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவன் அதை வீடியோவில் சொல்ல, நவம்பர் 4 அன்று பல ஊர்களில் மாணவர்கள் ஸ்கர்ட்டோடு பள்ளிக்கு வந்தார்கள். ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2021-ல் வயடோலிட் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார்கள் இரண்டு பேர் ஸ்கர்ட்டோடு பாடம் நடத்தினார்கள். காரணம்? கார்ட்டூன் படம் போட்ட சட்டை அணிந்த ஒரு பையனை மற்ற பசங்க 'பெண்ணா நீ?' என்கிற ரீதியில் ஓட்டியிருக்கிறார்கள். அவனைத் தனியா விடக் கூடாதுன்னு வாத்தியாருங்க முடிவு பண்ணினாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

சிரிப்புக்குப் பின்னாடி...

இப்போ அந்த டீக்கடைக் கேள்விக்கு வருவோம். சிரிப்பு துணியால் வருவதில்லை. 'பொம்பளை மாதிரி' என்கிற வார்த்தையால் வருகிறது.

பெண் பேண்ட் போட்டால் 'தைரியசாலி'. அவள் மேலே ஏறுவதாக ஊர் நினைக்கிறது. அதற்கும் அவள் போராட வேண்டியிருந்தது. பாரீஸில் பெண்கள் பேண்ட் போட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். அது செல்லாது என்று அரசு முறைப்படி அறிவித்தது எப்போது தெரியுமா? 2013 ஜனவரியில்! ஆண் ஸ்கர்ட் போட்டாலோ, அவன் கீழே இறங்கிவிட்டதாக நினைக்கிறோம். அப்படியென்றால் 'கீழே' இருப்பது யார்?

நம்ம ஊரிலும் அரசியல்வாதியை அவமானப்படுத்த வளையலும் புடவையும் அனுப்புகிற போராட்டம் உண்டே... அதே லாஜிக்! 2013-ல் இரானின் குர்து நகரமான மரிவானில், தண்டனையாக ஓர் ஆணுக்குப் பெண் உடை போட்டுத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். கொதித்தெழுந்த பெண்கள் வீதிக்கு வந்தார்கள். குர்து ஆண்கள் தாங்களே பெண் உடை அணிந்து போட்டோ வெளியிட்டார்கள். 'பெண்ணாக இருப்பது எப்போது அவமானமாச்சு?' என்பதுதான் அவர்கள் கேள்வி.

2015 பிப்ரவரியில் துருக்கியில் ஓஸ்கேஜான் அஸ்லான் என்ற கல்லூரி மாணவி, வீட்டுக்குத் திரும்ப ஏறிய மினி பஸ்ஸில், பலாத்கார முயற்சியை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்டார். 'அவள் என்ன உடை போட்டிருந்தாள்?' என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது என்பதற்காகவே இஸ்தான்புல் தெருக்களில் ஆண்கள் மினி ஸ்கர்ட்டோடு நடந்தார்கள். டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, 2013 ஜனவரியில் பெங்களூரு கப்பன் பார்க்கிலும் சில இளைஞர்கள் அதையே செய்தார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. இந்தப் பசங்க சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜீன்ஸுக்கு மாறிடலாம். திருநங்கைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் மீது விழும் பார்வையும் கமென்ட்டும் ஒரு நாள் போராட்டத்தோடு முடிவதில்லை.

ஆகவே மக்களே, நாளைக்கே ஸ்கர்ட் மாட்டிக்கிட்டு காலேஜுக்கு வாங்கன்னு சொல்ல வரலை. உங்க வார்டனுக்கு யார் பதில் சொல்றது! சொல்ல வருவது ஒண்ணே ஒண்ணுதான். தெருவில் வித்தியாசமா உடுத்தின ஒருத்தர் போகும்போது, கூட்டத்தில் முதல் கமென்ட் அடிக்க ஒருத்தன் வாயைத் திறப்பான். மத்தவங்க சிரிச்சாத்தான் அவனுக்கு ரெண்டாவது கமென்ட் வரும். நீங்க சிரிக்காம இருந்தாலே போதும்... மேட்டர் அங்கேயே முடிஞ்சிரும்!

(பெட்டிச் செய்தி)
இவங்களைப் பார்த்துச் சிரிச்சுடாதீங்க!

* ஏதென்ஸ் நாடாளுமன்றத்தின் முன் காவல் நிற்கும் கிரேக்க வீரர்களின் வெள்ளைப் பாவாடைக்கு 400 மடிப்பு. 400 வருஷ துருக்கி ஆட்சியின் நினைவாம்!

* ஃபிஜி தீவு போலீஸின் அணிவகுப்பு உடை 'சுலு'. ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வெட்டிய வெள்ளைப் பாவாடை.

* மியான்மரில் 'லோஞ்சி'தான் எல்லாமே. பள்ளி மாணவர்களுக்குப் பச்சை நிற லோஞ்சியே யூனிஃபார்ம்.

* நம்ம சென்னையில் 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக கிரிக்கெட் கிளப் ஒன்றில் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. பேண்ட் போடாத ஆண் மீது விழும் பார்வை நமக்கும் புதுசில்லை பாஸ்!