பல் எண்ணும் கணக்கு

குழந்தையின் கடைவாயில் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தால் "பூச்சி அரிச்சிருக்கு" என்கிறோம். கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்துப் பூச்சியை விழவைப்பதாக வைத்தியம் பார்த்ததும் உண்டு. பல்லைத் தின்னும் புழுவைப் பற்றி பாபிலோனியர்கள் களிமண் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1728இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார், தேடிப் பார்த்தும் அப்படியொரு புழு அகப்படவில்லை என்று எழுதினார். அப்புறமும் விடை கிடைக்க 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த கூழில் ஊறவைத்தார். பல்லின் சுண்ணாம்புச் சத்து கரைந்தது. அதே எச்சிலைக் கொதிக்கவைத்துச் சேர்த்தபோது கரையவில்லை. எச்சிலில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைக்கின்றன, அதில் பிறக்கும் அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் அவர் வெளியிட்ட நூல் விளக்கியது. பூச்சி என்ற சொல் இன்றும் நம் பேச்சில் இருப்பதில் தவறில்லை. ஆனால் அது நம் எண்ணத்தைத் திசைதிருப்புகிறது. சொத்தையை வெளியிலிருந்து வந்த எதிரியாகவே பார்க்கிறோம். அது நாள்முழுக்க நடக்கும் ஒரு வரவுசெலவு என்பது கண்ணில் படுவதில்லை.

அந்த வரவுசெலவை நாக்காலேயே தொட்டுப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவினால் வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் பற்படலம் அது. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் அங்கே அமிலம் சுரக்கிறது. நடுநிலையைக் குறிக்கும் 7க்கு அருகில் இருந்த பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும், பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கசியத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல முறிக்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். திரும்பியபின், இழந்த தாதுக்களில் ஒரு பகுதியை உமிழ்நீரே எனாமலில் மீண்டும் படியவைக்கிறது. கரைவதும் படிவதும் எல்லோர் வாயிலும் தினமும் நடப்பவை. கரைவது மிஞ்சும்போது முதலில் குழி விழுவதில்லை, ஈறோரத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். எச்சில் ஈரம் இருக்கும்வரை அது சரியாகத் தெரியாது. பல் மருத்துவர் காற்றடித்து உலர்த்தியதும் பளிச்சென்று தெரியும். எனாமலின் நுண்துளைகளில் நீர் போய்க் காற்று புகுவதால் ஒளி வேறுவிதமாகச் சிதறுகிறது. இந்தக் கட்டம்வரை சேதத்தை நிறுத்தவும் ஓரளவு மீட்கவும் முடியும். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் பல் தானாக வளர்ந்து அதை மூடாது.

ஆகவே, எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை வாயைப் புளிக்கவைத்தோம் என்பதே பெரிய கேள்வி. இதற்கான சான்று வேதனையான ஓர் இடத்திலிருந்து வந்தது. ஸ்வீடனில் லுண்ட் நகருக்கு அருகே, கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கான வீபஹோல்ம் மருத்துவமனையில் 1940களின் பிற்பாதியில் அரசே ஒரு சோதனை நடத்தியது. சிலருக்குச் சாப்பாட்டோடு மட்டும் நிறையச் சர்க்கரை. சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி. முதல் வகையினருக்குச் சொத்தை சற்றே கூடியது. நாள் முழுக்க டாஃபி தின்றவர்களின் பற்கள் பாழாயின. நிறுத்தியதும் புதுச் சொத்தைகளின் வேகம் தணிந்தது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாதவர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு இது. செய்தது பெரும் பிழை. அவர்கள் கொடுத்த விலைக்காகவேனும் இந்த உண்மை வீடுதோறும் போய்ச் சேர வேண்டும். இனிப்பைச் சனிக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கும் வழக்கம் ஸ்வீடனில் பரவியது இதன் பிறகுதான்.

தாத்தா காலத்தில் பேஸ்ட் ஏது, கரும்பையே கடித்துத் தின்றார்களே என்று கேட்பார்கள். பொக்கைவாய்த் தாத்தாக்களும் நம்மிடம் நிறைய இருந்தார்கள். அதில் ஈறு நோய்க்கும் பங்குண்டு. ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்று இனிப்பு என்பது பண்டிகைப் பண்டம். வேளைக்கும் வேளைக்கும் நடுவே வாய்க்கு ஓய்வு கிடைத்தது. இன்று காலைக் காப்பி, பதினோரு மணித் தேநீர், பிஸ்கட், பையில் மிட்டாய், குளிர்பானம் என்று அந்த ஓய்வு துண்டு துண்டாகிவிட்டது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, தேன் என்பதாலும் பல் தப்பாது; நுண்ணுயிருக்கு எல்லாம் ஒன்றே. அப்படியானால் சோறும் மாவுதானே என்றால், அதற்கும் பதில் உண்டு. பழச்சர்க்கரையை உடல் ஏற்காத அரிய பிறவிக் குறை உள்ளவர்கள் இனிப்பையும் பழத்தையும் தொடாமல் மாவுணவு உண்டே வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சொத்தை மிக மிகக் குறைவு. பரம்பரைக்கும் பங்கு உண்டுதான், உமிழ்நீரின் அளவும் பல்லின் பள்ளங்களும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அது கணக்கின் தொடக்க இருப்பு மட்டுமே.

பல் துலக்குவதன் பெரும்பயன் படலத்தைக் கலைப்பதும், ஃபுளூரைடைப் பல்லில் சேர்ப்பதும். ஃபுளூரைடு கலந்து படியும் தாது அமிலத்துக்கு எளிதில் கரையாது. வேப்பங்குச்சி படலத்தைச் சுரண்டும், ஃபுளூரைடைத் தராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளூரைடால் பழுப்பேறிய பற்களைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அஞ்சுவது இயல்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தத் துயரைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் அது பல் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்கில் குடித்து உடலில் சேர்ந்தது, பற்பசை துப்பிவிடுவது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இதே பழுப்புக் கறையை ஆராயப் போன ஃபிரெடெரிக் மெக்கே, கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கவனித்ததில்தான் இந்த மருந்தின் கதையே தொடங்குகிறது. எனவே அளவுதான் முக்கியம்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. துலக்கியதும் துப்பினால் போதும், நீர் விட்டுக் கொப்பளித்துக் கழுவிவிட வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் வற்றுவதால் இரவுத் துலக்கலைத் தவறவே விடக்கூடாது. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் முதலில் போவதும் இதனால்தான்.

பால் பல் எப்படியும் விழப்போவதுதானே என்ற அலட்சியம் இன்னொரு பல்லையும் சேர்த்துக் கெடுக்கிறது. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் நிரந்தரக் கடைவாய்ப்பல் சத்தமின்றி முளைக்கிறது. பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள பிளவுகள் பிரஷ்ஷின் ஒற்றை இழையும் நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கலாம். பல் மருத்துவரிடம் போனால், துளையிடாமலே பிசின் பூசி அவற்றை மூடிவிடுவார். வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். பால் பற்கள் ஐந்துதான். ஆறாவதாக ஒன்று நின்றால், அதற்கு மாற்றாக இன்னொன்று முளைக்காது.