ஹாம்ஸ்டருக்கு ஒரு விளையாட்டுத் திடல்

வீட்டில் எலி புகுந்துவிட்டால் பொறி வைப்பதும், மசால் வடை வாங்கி வருவதும், அண்டை வீட்டுப் பூனைக்கு உபசாரம் செய்வதும் நம்முடைய நெடுநாளைய வழக்கம். இப்பொழுதோ காசு கொடுத்து ஓர் எலியை வாங்கி வந்து, அதற்குக் கூடு வாங்கி, தினையும் கம்பும் தேடி அலைகிற காலமும் வந்துவிட்டது. "எலிக்கு இவ்வளவு சீராட்டா!" என்று பாட்டிமார்கள் மூக்கின்மேல் விரலை வைக்கிறார்கள். குழந்தைகளோ அந்தப் பொன்னிறப் பிராணி இரு கன்னங்களிலும் தானியத்தை அடைத்துக்கொண்டு விழிப்பதைக் கண்டு மெய்ம்மறந்து போகிறார்கள். ஹாம்ஸ்டர் என்பது அதன் பெயர்.

பிராணியை வாங்கித் தருவது சுலபம். அதை வாழ வைப்பதுதான் கடினம். கடைக்காரர் கொடுக்கும் சிறு கம்பிக் கூண்டில் அது இரவு முழுவதும் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். "அடடா, என்ன விளையாட்டு!" என்று நாம் கைகொட்டிச் சிரிக்கிறோம். உண்மையில் அது விளையாட்டு அல்ல. விளையாட இடமில்லாத பிராணியின் தவிப்பு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தின் பெர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 ஹாம்ஸ்டர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, கூட்டின் தரையில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுகை போட்டு வைத்தார்கள். 10 சென்டிமீட்டர் படுகையில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டர் படுகையில் வளை தோண்டி வாழ்ந்தவையோ கம்பியைக் கடிக்கவே இல்லை! அதற்கு வேண்டியது வேலை. தோண்டவும், தேடவும், ஓடவும், ஒளியவும் இடம்.

அதன் பூர்வீகம்

இந்தப் பிராணியின் சொந்த ஊர் ஸிரியா தேசத்து அலெப்போ நகரைச் சுற்றியுள்ள வயல்வெளி. 1839-ஆம் ஆண்டில் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய சாஸ்திரி அதை ஒரு தனி இனமாக விவரித்து எழுதினார். பிறகு வெகு காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1930-ஆம் ஆண்டில் ஜெரூஸலம் ஹீப்ரு சர்வகலாசாலையைச் சேர்ந்த அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் அதைத் தேடி அலெப்போவுக்குச் சென்றார். காலா ஆஸார் முதலிய நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆட்லர் என்ற அறிஞருக்கு அந்தப் பிராணி தேவையாயிருந்தது. வங்காளத்திலும் பீஹாரிலும் கணக்கற்ற உயிர்களைக் கொள்ளை கொண்ட அதே காலா ஆஸார்தான்.

ஒரு கோதுமை வயலில் ஏறக்குறைய எட்டடி ஆழம் தோண்டிய பிறகு ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் அகப்பட்டன. பிடிபட்ட கலக்கத்தில் அந்தத் தாய் தன் குட்டி ஒன்றைத் தானே கடித்துக் கொன்றுவிட்டது. எஞ்சிய குட்டிகளிலும் சில ஓடிப்போயின. பிழைத்து நின்ற சிலவற்றின் சந்ததிகள்தாம் இன்று உலகமெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. நம் வீட்டுக் கூண்டில் அது செழித்திருக்க, சொந்த நாட்டு வயல்களிலோ அந்த இனமே அழியும் அபாயத்தில் இருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து திடல் கட்டுவோர் அறிய வேண்டியவை நான்கு: அது மண்ணைத் தோண்டும் பிராணி, தானியத்தைத் தேடிச் சேர்க்கும் பிராணி, இருட்டிய பின்பே வெளிக் கிளம்பும் பிராணி, தனித்து வாழும் பிராணி. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் திடல் தானே உருவாகிவிடும்.

சுவரும் தரையும்

கூண்டு அதன் வீடு. திடல் அதன் மைதானம். ஒன்றுக்கொன்று ஈடாகாது. மாலையில் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் வெளியே விட்டு விளையாட வைப்பதற்கே திடல்.

நாலடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள இடம் போதும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. சுற்றுச்சுவர் ஒன்றரையடி உயரமாவது இருக்க வேண்டும். கம்பி வலையைச் சுவராக வைப்பது கூடாது. அது ஏணியில் ஏறுவதுபோல் விறுவிறு என்று ஏறிவிடும். இறங்க மாத்திரம் தெரியாது. மேலிருந்து பொத்தென்று விழும். வழவழப்பான பலகை, பிளாஸ்டிக் தகடு, கனத்த அட்டை ஆகியவை ஏற்றவை. மூலைகளில் ஒரு பலகை மற்றொன்றின்மேல் சற்றுப் படிந்திருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கண்டாலும் அங்கே மூக்கை நுழைத்துப் பார்க்கும். மண்டை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும்.

மொஸெய்க் தரையிலும் ஓடு பதித்த தரையிலும் அதன் கால்கள் வழுக்கும். ஆகவே அட்டையையோ, நெருக்கமாக நெய்த பழைய படுக்கை விரிப்பையோ பரப்புங்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கிக்கொள்ளும். பினாயில் விட்டுத் துடைத்த ஈரம் காயாத தரையில் விடவே கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். கதவைச் சாத்தக்கூடிய உள்ளறையே சிலாக்கியமானது. மின்சாரக் கம்பிகளை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துப் பார்ப்பது அதன் சுபாவம். பூனையும் நாயும் அறைக்குள் வரலாகாது. "எங்கள் பூனை பரம சாது" என்று நினைக்கும் வீடுகளில்தான் விபத்து நேருகிறது. கொசுவர்த்திப் புகை, ஊதுவத்திப் புகை, அந்துருண்டை நெடி ஆகியவை அதன் சிறு நுரையீரலுக்குப் பகை.

நம் ஊரில் மற்றோர் எதிரியும் உண்டு, அது எறும்பு. சிந்திய தானியத்தைத் தேடி எறும்புச் சாரி வந்துவிடும். விளையாட்டு முடிந்ததும் தரையைக் கூட்டிவிடுவதும், கூண்டை மேஜைமேல் வைத்து மேஜையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதும் போதுமான காவல்.

திடலுக்குள் என்ன வைப்பது?

கடைகளில் வண்ண வண்ணமாக விற்கும் சாமான்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நம் அடுக்களையும் பரணும் வேண்டிய மட்டும் தரும்.

முதலாவதாக, ஒளியும் இடம். ஓரம் உடைந்த மண்சட்டி ஒன்றை நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் அருமையான குகை. சிறு ஜாதி ஹாம்ஸ்டர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையே மாளிகை. பருப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வாசல் வெட்டி, விளிம்பை வழவழப்பாக்க வேண்டும். திடலில் இப்படி இரண்டு மூன்று புகலிடங்கள் இருக்கட்டும். நடு வெளியில் நிற்பது அதற்குப் பயம். ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தைரியமாக உலாவும்.

இரண்டாவது, சுரங்கம். பொன்னிற ஹாம்ஸ்டருக்கு மூன்று அங்குல விட்டமுள்ள அட்டைக் குழாய் வேண்டும். காகிதச் சுருளின் நடுவிலிருக்கும் சிறு குழாயில், கன்னங்களை நிரப்பிக்கொண்டு புகுந்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும். கன்னப் பைகள் தோள் வரையில் பின்னே நீள்பவை அல்லவா? சிறு குழாய்தான் கிடைத்தது என்றால் அதை நீளவாக்கில் கீறிவிட்டு வையுங்கள்.

மூன்றாவது, தோண்டும் பெட்டி. ஓர் ஆழமான பெட்டியில் அச்சு மையற்ற காகிதத் துண்டுகளை நிரப்பி, இடையிடையே நாலைந்து தானியங்களைப் புதைத்துவிட்டால் வெகு நேரம் சலிக்காமல் தேடும். பஞ்சு மாத்திரம் போடக் கூடாது. அதன் இழைகள் காலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனை வீசும் தேவதாரு மரச்சீவலும் ஆகாது.

நான்காவது, மணல் தொட்டி. நாம் நீரில் குளிப்பதுபோல் ஹாம்ஸ்டர் மணலில் குளிக்கும். மணலைக் கழுவி, வாணலியில் வறுத்து, ஆறவைத்து, சலித்துத் தூசு போக்கி ஓர் அகலமான தட்டில் வையுங்கள். முகப்பவுடர் போன்ற மாவுப் பொடி மூக்கில் ஏறிக் கெடுதல் செய்யும். அதைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதோ பெருந்தவறு.

ஐந்தாவது, ஓடும் சக்கரம். பொன்னிற ஜாதிக்கு 28 சென்டிமீட்டர், அதாவது 11 அங்குல விட்டமாவது வேண்டும்; சிறு ஜாதிக்கு 8 அங்குலம். ஓடும்போது முதுகு வில்போல் வளைந்தால் சக்கரம் சிறியது என்று அர்த்தம். ஓடும் பரப்பு இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும்; கம்பிகள் கோத்த சக்கரத்தில் கால் சிக்கி ஒடிந்துவிடும்.

பாலமும் படியும் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் ஆறங்குல உயரத்துக்கு மேல் போக வேண்டாம். அதன் பார்வை மங்கலானது. உயரத்தை மதிப்பிட அதற்குத் தெரியாது. மேஜை விளிம்பு வரை வந்து, தரை பக்கத்தில் இருப்பதாக எண்ணி அடியெடுத்து வைத்துவிடும்.

இங்கே ஒரு சாமானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உருண்டைக்குள் ஹாம்ஸ்டரை அடைத்து உருளவிடும் வழக்கம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான். உள்ளே இருப்பதற்கோ காற்றோட்டம் குறைவு. களைத்தபோது வெளியேற வழி இல்லை. சுவரில் மோதும் ஒவ்வோர் இடியும் அதன் உடலில் விழுகிறது. காற்றுத் துவாரத்தில் விரல் சிக்குவதும் உண்டு. வாங்காமல் இருப்பதே உத்தமம்.

வெயிலும் குளிரும்

ஹாம்ஸ்டருக்கு இதமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி சென்டிகிரேட். 30 டிகிரிக்கு மேல் போனால் அபாயம் ஆரம்பம். சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வைகாசியில் 38 டிகிரிக்கு மேலும் போகிறது. ஆகவே கோடையில் பகலிலோ மாலை வெக்கையிலோ திடலில் விடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் விடுங்கள். மண் ஓடு ஒன்றை நீரில் ஊறவைத்துத் துடைத்து ஒரு மூலையில் போட்டால், வேண்டும்போது வந்து வயிற்றைப் படியவைத்துப் படுத்துக்கொள்ளும். விசிறிக் காற்று நேராக அதன்மேல் வீச வேண்டாம்.

உடலைத் தட்டையாக விரித்துப் படுப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் நீர் வடிவது, நடுங்குவது இவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டு சென்று, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்து, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

உதகமண்டலம் போன்ற மலையூர்களில் இருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. கடுங்குளிரில் ஹாம்ஸ்டர் சுருண்டு, உடல் சில்லிட்டு, மூச்சு இருப்பதே தெரியாமல் உறங்கிப் போகும். இறந்துவிட்டது என்று அழுதுகொண்டே குழி தோண்ட ஓடாதீர்கள். உள்ளங்கைச் சூட்டில் வைத்து, வெதுவெதுப்பான அறையில் மெதுவாகச் சூடேற்றுங்கள். மீசை அசைந்தால் உயிர் இருக்கிறது. அதையும் வைத்தியரிடம் காட்டுவது நலம்.

குழந்தைகளுக்குச் சில வார்த்தைகள்

பகலில் அது தூங்கும்போது எழுப்பக் கூடாது. நடு நிசியில் உங்களை யாராவது உலுக்கி எழுப்பி "வா, விளையாடலாம்" என்றால் உங்களுக்குக் கோபம் வராதா? அதற்கு வந்தால் கடித்துவிடும்.

மேலிருந்து கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். பருந்து பாய்வதாக எண்ணிப் பயந்துவிடும். திடலுக்குள் அசையாமல் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு பூசணி விதையை வைத்துக் காத்திருங்கள். முதல் நாள் வராது. மறு நாளும் வராமல் இருக்கலாம். ஒரு நாள் தானே வந்து மோந்து பார்க்கும். அது தன் இஷ்டத்தோடு வந்து உங்கள் கையில் ஏறும் அந்தக் கணத்துக்காக ஒரு மாதம் காத்திருக்கலாம்.

துணை வேண்டுமே என்று இரண்டு பொன்னிற ஹாம்ஸ்டர்களை ஒன்றாக விடாதீர்கள். வளர்ந்தவை ஒன்றையொன்று கடித்துக் கொல்லும் வரையில் சண்டையிடும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறு குழந்தைகள் விளையாடும்போது பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு காவல் வைத்தாலும் என்றைக்காவது அது தப்பி ஓடிவிட்டால் கலவரப்பட்டு நாற்காலிகளை இழுக்காதீர்கள். அடியில் நசுங்கிப் போகும். கதவுகளைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரு வாளியின் அடியில் மெத்தென்று காகிதத் துண்டுகளும் கொஞ்சம் தீனியும் போட்டு, புத்தகங்களைப் படிபோல் அடுக்கி வாளியின் விளிம்பு வரையில் வழி அமைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். வாசனையைத் தொடர்ந்து படியேறி உள்ளே விழுந்திருப்பதைப் பெரும்பாலும் காலையில் காணலாம்.

ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று வருஷம். நமக்கு அது ஒரு வகுப்பிலிருந்து இரண்டு வகுப்புத் தள்ளிப் போகிற காலம். அதற்கோ பிறப்பு முதல் முதுமை வரையில் எல்லாமே அதற்குள் அடக்கம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடும் ஒரு மாலை, அதன் கணக்கில் பல நாட்கள். விளையாட்டுச் சாமான் வேண்டாமென்றால் பரணில் போடலாம்; உயிரை அப்படிப் போட முடியாது. இதை ஒரு குழந்தை பத்து வயதில் தெரிந்துகொண்டால், நாலு பலகையும் ஓர் உடைந்த சட்டியும் அதற்குக் கொடுத்த விலை மிகக் குறைவே.